கம்பளிப் பஞ்சும் கிரீஸும்

எண்பதுகளின் தொடக்கத்தில் அஸ்தம்பட்டியில் குடியிருந்தோம். கையால் ஓட்டும் நிட்டிங் மிஷின் ஒன்றைப் பழையதாக வாங்கியிருந்தேன். நீளமான இரும்புப் பலகையில் ஊசிகள் வரிசையாக நிற்கும். அவற்றின் மேல் ஒரு வண்டி இரண்டு தண்டவாளங்களைப் பிடித்துக்கொண்டு இடமும் வலமும் ஓடும். ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடம் நூலையும் கொடுத்து நாற்பது சாம்பல்நிற ஸ்வெட்டர் கேட்டிருந்தது.

ஆறாவது ஸ்வெட்டரிலேயே வண்டி கனத்தது. கைக்குக் கிடைத்த தேங்காய் எண்ணெயைத் தடவினேன். இரண்டு நாள் வழுக்கிக்கொண்டு போனது. மூன்றாம் நாள் மார்கழிக் குளிரில் எண்ணெய் உறைந்து, வண்டி நடுவில் நின்றுவிட்டது. இழுத்ததில் மூன்று ஊசிகள் வளைந்தன.

தெருமுனையில் ஸ்கூட்டர் பழுதுபார்க்கிறவரிடம் கேட்டேன். பேரிங்குக்கே இதுதான் போடுகிறோம் என்று காகிதத்தில் கொஞ்சம் கிரீஸ் வைத்துக் கொடுத்தார். வண்டி அருமையாக ஓடியது. ஆனால் கம்பளியிலிருந்து உதிர்ந்த பஞ்செல்லாம் கிரீஸில் ஒட்டி, கறுத்துத் திரண்டு, ஒரு ஸ்வெட்டரின் நெஞ்சுப் பக்கத்தில் விரல் அகலத்துக்குக் கோடு இழுத்துவிட்டது. சோப்புக்கும் அது போகவில்லை. முழுதையும் பிரித்தேன்.

ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நின்று பார்த்தார். "நூலத் திருப்பிக் குடுத்துரு. எதுக்கு இந்தப் பாடு?" என்றார்.

"மிஷின் நல்லாத்தானுங்க இருக்குது. எண்ணெதான் தப்பு. எதுன்னு பாக்காம உடமாட்டேன்."

அன்றைக்கே பிஸ்கட் டப்பா மூடியைத் துடைத்து நான்கு கோடு போட்டேன். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், கிரீஸ், தையல் மிஷின் எண்ணெய் என்று ஒவ்வொன்றையும் தடவிப் பஞ்சைத் தூவி ஜன்னலில் வைத்தேன். நான்கு நாள் கழித்து ஊதிப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய் வெளுத்து இறுகியிருந்தது. விளக்கெண்ணெயும் கிரீஸும் பஞ்சை விடவில்லை. தையல் மிஷின் எண்ணெயிலும் பாதிப் பஞ்சு நின்றது. எனக்கு அழுகையே வந்தது. அப்புறம்தான் கவனித்தேன்: அந்தக் கோட்டின் ஓரத்தில் என் முந்தானை பட்டு எண்ணெய் துடைபட்ட இடத்தில் ஒரு இழைகூட ஒட்டவில்லை. விரலால் தொட்டால் வழுவழுப்பு மட்டும் இருந்தது.

மண்ணெண்ணெய் நனைத்த துணியைக் குச்சியில் சுற்றித் தண்டவாளங்களைக் கழுவினேன். காய்ந்த பிறகு ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டுப் பரப்பி, வெள்ளைத் துணியில் ஈரம் படாத அளவுக்குத் துடைத்தெடுத்தேன். வளைந்த ஊசிகளை மாற்றினேன். பழைய நூலில் இருபது வரி ஓட்டினேன். கறை இல்லை. இரண்டு விரலால் தள்ளினாலே வண்டி போனது. அதன்பின் தினமும் காலையில் பஞ்சைத் தட்டி, துடைத்து, எண்ணெய் காட்டிய பிறகுதான் நூலையே தொட்டேன்.

சொன்ன நாளுக்கு நான்கு நாள் தாமதமாக மூட்டையோடு ஏற்காடு பஸ் ஏறினேன். விடுதியைக் கவனிக்கும் அம்மா ஒவ்வொன்றையும் உள்பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நாற்பதையும் மடித்து வைத்துவிட்டு, பெரிய பிள்ளைகளுக்கு இன்னும் முப்பது ஆகுமா என்று கேட்டார்.

தோள்பட்டை இரண்டும் வலித்துக்கொண்டிருந்தன. ஆகும் என்றேன்.