பிரேக் அக்காவின் வலது கால்

என் அத்தை கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சி வண்டியில் அவள் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதன் மேலிருந்து அவளுடைய வலது கால் நகர்ந்ததே கிடையாது. அதனால் மாணவர்கள் வைத்த பெயர் பிரேக் அக்கா. வீட்டு சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்தாலும் அந்தக் கால் தரையை அழுத்திக்கொண்டுதான் இருக்கும். யாரையும் நம்பாத கால் அது!

தொற்று பரவி ஊரே வீட்டுக்குள் முடங்கியதும் பயிற்சிப் பள்ளிக்குப் பூட்டு விழுந்தது. வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்த என் உயிரை அத்தை வாங்கினாள். பொறுக்க முடியாமல் அவளுடைய மாணவர்களைச் சேர்த்து ஒரு வீடியோ வகுப்பு ஆரம்பித்துக் கொடுத்தேன். சாப்பாட்டுத் தட்டுதான் ஸ்டியரிங். காலடியில் மூன்று செருப்புகள்: கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர். ஹாரனுக்கு ஒன்றும் அகப்படவில்லை. எல்லோரும் வாயாலேயே "பாம் பாம்" என்றார்கள். என் மேனேஜர், "ரோட்டுலயா இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டார்.

அந்த வகுப்பில் ஒரு நர்ஸ் இருந்தாள். எப்போதோ லைசென்ஸ் வாங்கியும் பயத்தில் வண்டியைத் தொடாதவள். பஸ் ஓடாததால் ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தாள். வீட்டில் கார் சும்மா நின்றது.

"நாளைக்கு நானே காரை எடுக்கறேன் அக்கா. நீங்க லைன்ல இருந்தா போதும்."

அத்தைக்கு முகமே வெளுத்துவிட்டது. "என் பிரேக் இல்லாம எப்படிடி போவே?"

மறுநாள் காலை வகுப்பு மொத்தமும் தட்டும் செருப்புமாக நாற்காலிகளில் தயார். நர்ஸின் போன் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்தது. வண்டி கிளம்பியது. அவள் வளைத்தபோது திரையில் எல்லாத் தட்டுகளும் வளைந்தன.

திடீரென்று அவள் "பாம் பாம்!" என்று வாயாலேயே அலறினாள். அப்புறம் சத்தமே இல்லை. அத்தை செருப்பை ஓங்கி மிதித்தபடி உறைந்துபோனாள்.

"நாய் குறுக்க வந்துடுச்சு அக்கா. ஹாரன் ஞாபகமே வரல. ஆனா வண்டி நின்னுடுச்சு."

"யாருடி பிரேக் போட்டா?"

"நான்தான். வண்டில வேற யாரு இருக்கா?"

அத்தை குனிந்து தன் காலைப் பார்த்தாள். மெல்ல அதைச் செருப்பிலிருந்து எடுத்து, நாற்காலி மேல் மடித்து வைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"சரி, கிளம்பு," என்றாள். "ஆஸ்பத்திரிக்கு நேரமாகுது பாரு."