சிவப்பாக நின்ற வண்டல்

வங்காளத்துப் பாலிகஞ்சில் ஒரு கல்லூரியில் புவியியல் நடத்துகிறேன். என் பாடங்களெல்லாம் விக்கியில்தான். வீட்டில் எழுதுவேன், வகுப்பில் அதே பக்கத்தைத் திரையில் போட்டுப் பேசுவேன். மாணவர்களும் உள்ளே புகுந்து திருத்தலாம். பக்கமே எழுதாத சொல்லுக்கு இணைப்புக் கொடுத்தால் அது சிவப்பாகத் தெரியும், எழுதிவிட்டால் நீலமாகிவிடும். யார் வீட்டுக்குப் போனாலும் இதைச் சொல்லி அறுப்பேன்.

எங்கள் துறைத்தலைவருக்கு விக்கி என்றாலே ஆகாது. கண்டவரும் எழுதுவது பாடமா என்பார். ஒருநாள் என் வகுப்பைப் பார்க்க வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அவருக்குப் பிடிக்காவிட்டால் விக்கிக்கு முழுக்குப் போட்டுவிட்டு, பழையபடி நோட்ஸ் சொல்லி எழுதவைக்க வேண்டியதுதான்.

அன்று பாடம் கிடர்பூர் துறைமுகம். பேச்சு ஹூக்ளி ஆற்றுக்கு வந்தபோது திரையில் 'வண்டல்' என்ற சொல் பளிச்சென்று சிவப்பாக நின்றது. ஞாயிற்றுக்கிழமை எழுதுவதாக இருந்தேன், விருந்தாளிகள் வந்துவிட்டார்கள்.

"ஓட்டா லால் கேனோ?" அது ஏன் சிவப்பு என்று துறைத்தலைவர் பின்னாலிருந்து வங்காளத்தில் கேட்டார்.

செத்தேன் என்று நினைத்தேன். அவர் காலமெல்லாம் ஆராய்ந்ததே ஹூக்ளியின் வண்டலைத்தான்.

"அதை இன்னும் யாரும் எழுதலை சார்."

"வண்டல் இல்லாம கிடர்பூரா? நகருங்க, எங்க எழுதணும்?" விறுவிறுவென்று வந்து என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மேம், சார் மாட்டிக்கிட்டார்," என்று முன்பெஞ்சுத் தமிழ்ப் பெண் கிசுகிசுத்தாள்.

இரண்டே விரலால் தட்டினார். தட்டத் தட்ட வாய்விட்டுச் சொன்னார். மண் எங்கிருந்து வருகிறது, கப்பல் ஏன் ஓதநீர் ஏறும்வரை காத்திருக்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல வகுப்பு வாய்பிளந்து கேட்டது. சேமித்தார். சொல் நீலமானது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"இதுல யாரும் கை வைக்கக் கூடாது," என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் ஒரு வரி கூடியிருந்தது. நீர் வடியும்போது படித்துறையில் படகு தரைதட்டி நிற்பதை யாரோ செல்போனிலிருந்து சேர்த்துவிட்டார்கள். துறைத்தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரைக்குப் பக்கத்தில் போய்ப் படித்தார்.

"யார் இது? பாதிதான் சரி. வா இங்க, பேசித் தீர்ப்போம்."

மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நான் மாணவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து அவரும் அந்த வரியை எழுதிய மாணவனும் போட்ட சண்டையை ஆசைதீர ரசித்தேன். அவ்வளவு சந்தோஷமான வகுப்பு எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

மறுநாள் காலை விக்கியைத் திறந்தேன். வண்டல் பக்கம் முழுக்கப் புதிதாகச் சிவப்புச் சொற்கள். அடியில் துறைத்தலைவரின் குறிப்பு: 'இதையெல்லாம் நான்தான் எழுதுவேன். மேடம் உள்பட யாரும் தொடவேண்டாம்.'