படிப்புக்கான மீன்

கண்ணாடித் தொட்டிக்குள் காற்றுக் குமிழ்கள் 'குளுக் குளுக்' என்று மேலேறிக்கொண்டிருக்க, மேசைமேல் கைப்பேசி விடாமல் அலற, ஐம்பதை நெருங்கும் நான், வீடு கொள்ளாமல் புத்தகம் வாங்கிக் குவித்தவன், சகுனம் பார்ப்பவர்களைக் கிண்டலடித்தே பேர் வாங்கியவன், மீன்களெல்லாம் ஒன்றுசேரட்டும் என்று போன வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழைத்தது கிளினிக், ரத்தப் பரிசோதனை முடிவு சொல்ல. ஒரு மீன் மட்டும் செடி ஓரமாகத் தனியே நின்றது. அது கூட்டத்தோடு சேரும்வரை நான் கைப்பேசியைத் தொடவில்லை. வெட்கக்கேடுதான். ஆனால் இந்தக் கிறுக்கு நானாகத் தேடிக்கொண்டதில்லை. ஒரே ஓர் ஆங்கிலச் சொல் என் தலையில் ஏற்றிவைத்தது.

அப்போது மலேசியாவின் பினாங்குத் தீவில், சுங்கை பினாங் அடுக்குமாடியில் இருந்தோம். கடலுக்கு அக்கரையில் பிறை என்ற ஊரில் தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அம்மா, நான் ஆறாம் வகுப்பு அரசாங்கப் பரீட்சை எழுதவேண்டிய அந்த வருடத்தில், ஒரு நாள் தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் பையோடு வீட்டுக்கு வந்தார். உள்ளே நியான் மீன்கள்: சுண்டுவிரலில் பாதிகூட வராது, உடம்பில் விளக்குப் போட்டதுபோல் ஒரு நீலக்கோடு, வால் பக்கம் சிவப்பு, யார் வம்புக்கும் போகாத சாதுக்கள். மீன்கடை 'தவுக்கே', அதாவது சீன முதலாளி, அவற்றை "ஸ்கூலிங் பிஷ் லா" என்று, எங்கள் ஊர் வழக்கப்படி ஒரு 'லா'வையும் ஒட்டி, சொல்லி விற்றிருக்கிறார். அம்மாவின் காதில் விழுந்தது 'ஸ்கூல்' மட்டும்தான்.

"படிப்புக்கான மீனாம்டா" என்றார், மருந்து வாங்கி வந்தவரைப் போல.

தொட்டி என் படிக்கும் மேசைக்கு வந்தது. கண்ணாடியில் திருநீற்றுப் பட்டை ஏறியது. செய்தி மாடி முழுக்கப் பரவி, படிக்கட்டில் எதிர்ப்படும் அக்காமார்கள் "தம்பி, மீனு எப்படி இருக்கு?" என்று கேட்டால் கணக்கில் எவ்வளவு வாங்கினாய் என்று பொருளாயிற்று. நான் புத்தகத்தைப் பார்த்ததைவிடத் தொட்டியைப் பார்த்ததுதான் அதிகம். எல்லாம் ஒரே திசையில் திரும்பினால் நெஞ்சுப் பாரம் இறங்கும். ஒன்று பின்தங்கினால் அது நான்தான். ஒரு முறை ஒன்று செத்து மிதந்தபோது அம்மா அதைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு, "பக்கத்து வீட்டுக்குத் தெரிய வேணாம்" என்று ஏதோ குடும்ப மானம் போன குரலில் சொன்னார்.

பரீட்சை நாளன்று இன்னும் விடியவில்லை. பினாங்கில் சூரியன் சோம்பேறி. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிறவர்கள் இருட்டில்தான் எழுந்தாகவேண்டும். முதல் வேலையாகத் தொட்டி விளக்கைப் போட்டேன். நீலம் இல்லை. சிவப்பு இல்லை. சாம்பல் நிறத் துணுக்குகள் மூலைக்கொன்றாக அசையாமல் தொங்கின.

"அம்மா! கலர் போயிருச்சு!"

பல் துலக்கிக்கொண்டே என் அக்கா எட்டிப்பார்த்தாள். "எல்லாம் வெளுத்துப்போச்சே. உன் ரிசல்ட்டு முன்னாலயே வந்துருச்சு, லா."

"வாயக் கழுவுடி!" என்ற அம்மாவின் கையில் எனக்குக் கலக்கிய மைலோ பானம் தளும்பியது. அவர் முகமும் மீன்களின் நிறத்துக்கு வந்திருந்தது. கீழே தொழிற்சாலை பஸ் ஹாரன் அடித்தது.

"நான் போவல."

"போடா. மீனுக்குக் காய்ச்சலு. நீ வர்றதுக்குள்ள சரியாயிரும்." திருநீற்றை எடுத்து முதலில் கண்ணாடிக்கும் பிறகுதான் என் நெற்றிக்கும் பூசினார். அந்த வரிசை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

என்ன எழுதினேனோ தெரியாது. கேள்விகளுக்கு நடுவில் சாம்பல் மீன்கள் ஒவ்வொன்றாக மல்லாந்துகொண்டிருந்தன. மத்தியானம் வீடு திரும்பிப் பூட்டில் சாவியைப் போட்டவன், திருப்பப் பயந்து அப்படியே நின்றேன். சாவியைத் திருப்பாதவரை நான் பெயிலாகவில்லை என்பது அன்றைய என் தத்துவம். கடைசியில் மூத்திரம் முட்டியதால் திறந்தேன். உள்ளே நீலக்கோடுகள் பளீரென்று கூட்டமாகத் திரும்பி என்னைப் பார்த்தன. ஒவ்வொன்றாக எண்ணி முடித்த பிறகுதான் கழிப்பறைக்கு ஓடினேன்.

அந்தச் சனிக்கிழமை அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு தவுக்கேயிடம் நியாயம் கேட்கப் போனார். இருவரும் பாசார் மலாயில், அதாவது சந்தைக் கொச்சை மலாயில், மோதிக்கொண்டதைத் தமிழில் தருகிறேன்.

"பரீட்சையன்னைக்குப் பார்த்து உன் மீனு வெளுத்துப்போச்சு!"

"இருட்டுல தூங்கும்போது கலர் மங்கும், அப்புறம் வரும். நீ மட்டும் தூங்கும்போது பவுடர் போட்டுக்கிட்டா இருக்க?"

"படிப்பு மீன்னு நீதானே சொன்ன?"

"ஐயோ, ஸ்கூலிங்னா கூட்டமாப் போறது. தனியா விட்டா பயந்து செத்துரும்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப எம் மகன் மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு, மேலும் இரண்டு வாங்கினார்.

சுமாராகத் தேறினேன். இன்று அந்த மீன்கடை இருந்த இடத்தில் காப்பி நுரைமேல் படம் வரைந்து கொடுக்கிறார்கள். ஆறாம் வகுப்புப் பரீட்சையையே அரசாங்கம் எடுத்துவிட்டது. அதற்காக நான் பட்ட பயம் மட்டும் இன்னும் செல்லுபடியாகிறது. போன வாரம் அந்தத் தனி மீன் ஒருவழியாகக் கூட்டத்தில் சேர்ந்தது. எல்லாம் பளபளவென்று ஒரே திசையில் திரும்பின. நிம்மதியாக அழைப்பை எடுத்தேன். சர்க்கரை ஏறியிருந்தது, அதுவும் நன்றாகவே.

உடனே அக்காவுக்குப் போன் போட்டு, மீனெல்லாம் ஒன்றாகத்தானே போயின என்று புலம்பினேன்.

"மீனு நல்லாத்தான்டா இருக்கு," என்றாள் அக்கா. "நீ சோத்தக் குறை."