சென்னிமலை படத்துக்கு மாலை

பள்ளிக்கூடத்தில் சென்னிமலையின் படத்தைத் திறந்து வைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து கமலாத்தாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. களத்தில் காயும் கடலைக்காயைக் கிளறப் போவாள். பாதியில் போட்டுவிட்டு வேலியோரம் வந்து நிற்பாள். சித்தூர் பஸ் வரும் சத்தம் கேட்டால் போதும், கைவேலை நின்றுபோகும்.

சென்னிமலை அவளுடைய தம்பி. தாயில்லாத பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் பெருமாட்டியில் தென்னைக்கும் கடலைக்கும் தண்ணீர் கட்டிய குடும்பத்திலிருந்து கடற்படைக்குப் போய் விமானம் ஓட்டினான். எழுபத்தோராம் வருஷத்துச் சண்டையில், இறக்கையில் குண்டு துளைத்த விமானத்தைக் கப்பலுக்குத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கியதற்காக வீர் சக்ரா கொடுத்தார்கள். லீவில் வந்தவனிடம் யாராவது அதைப் பற்றிக் கேட்டால், பேச்சை மாற்றிவிட்டுக் கிணற்று மோட்டாரைக் கழற்ற உட்கார்ந்துவிடுவான்.

சண்டையில் தப்பியவன் மூன்று வருஷம் கழித்து, ஓர் ஆடி மாதம், கொச்சிக்கு அப்பால் பயிற்சிக்குப் பறந்தபோது கடலில் விழுந்தான். உடம்பு கிடைக்கவில்லை. அதிகாரிகள் நேரில் வந்து சொல்லியும் கமலாத்தாள் நம்பவில்லை. ஏதாவது மீன்படகு ஏற்றிக்கொண்டு போயிருக்கும், எந்தக் கரையிலாவது கிடப்பான் என்றாள். காரியம் செய்ய விடவில்லை. அவன் மனைவி பூவாத்தாளின் தாலியில் யாரும் கை வைக்கக் கூடாதென்று உறவுப் பெண்களோடு மல்லுக்கு நின்றாள். பூவாத்தாளோ பிறந்த வீட்டுக்கும் போகாமல், பூவும் வைத்துக்கொள்ளாமல், நங்கை என்று தான் கூப்பிடும் நாத்தனாரோடு இருந்து அவள் சொன்னபடி நடந்தாள்.

அந்த ஐப்பசியில் படத்திறப்புக் கூட்டம் நடந்தது. "உசுரோட இருக்கறவனுக்கு எவனாச்சும் மாலை போடுவானா?" என்று புருஷன் பொங்கியண்ணனிடம் சண்டை போட்டுவிட்டு, பிறகு தானே கிளம்பிப் போய்க் கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள்.

பேசியவர்களெல்லாம் வீரன் என்றார்கள். கடைசியாக வேதமுத்து என்பவனைக் கூப்பிட்டார்கள். ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். கடலில் விழுந்த அன்றைக்கு அதே விமானத்தில் பின்னால் உட்கார்ந்திருந்து உயிர் தப்பியவன். மைக்கைப் பிடித்து "சென்னிமலை சார்" என்றான். அதோடு மேடையை விட்டிறங்கி விறுவிறுவென்று வெளியே போய்விட்டான்.

கமலாத்தாள் பின்னாலேயே ஓடி, மதில் பக்கம் அவனை மறித்தாள். தான் யாரென்று சொன்னாள்.

"நீங்க பாத்ததச் சொல்லுங்க தம்பி. ஒண்ணும் மறைக்க வேண்டாமுங்க."

மேலே கிளம்பிய கொஞ்ச நேரத்தில் என்ஜின் நின்றுபோனதையும், விமானம் குப்புறப் போகாமல் சென்னிமலை அதைத் தண்ணீரின் மேல் படுத்தவாக்கில் இறக்கியதையும் சொன்னான்.

"எறங்குன வேகத்துல அவருக்குத் தலையில அடிபட்டுருச்சுக்கா. பேச்சு மூச்சு இல்ல. சீட்டு வாரைக் கழட்டப் பாத்தேன், வரல. தண்ணி ஏறிருச்சு. பிளேன் அவரோடயே முங்கிருச்சுக்கா. நான் பாத்தேன்."

மாதக்கணக்காய் அலைந்துகொண்டிருந்தவள் அந்த இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்தாள். வெகுநேரம் அழுதாள். பிறகு அவன் கையைப் பிடித்து, காரியம் முடிந்துதான் போக வேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு அழைத்து வந்தாள்.

பூவாத்தாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். கமலாத்தாள் கிட்டே போய் நின்றாள்.

"அம்மிணி, அவன் வரமாட்டான். தாலிய இனி உன்ற இஷ்டம். ஆரும் உன்னைய ஒண்ணுஞ் சொல்ல உடமாட்டேன்."

பூவாத்தாள் வாளியைக் கீழே வைத்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க நங்கை. உங்களுக்காவத்தான் போட்டிருந்தேன்."

கமலாத்தாளால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்று மாலைக்குள் வீட்டை மூன்று முறை கூட்டினாள்.

மறுநாள் ஆற்றங்கரையில் காரியம் நடந்தது. வேதமுத்து ஓரமாக நின்று தன் வழக்கப்படி சிலுவை போட்டுக்கொண்டான். தாலியைப் பூவாத்தாள் தானே கழற்றினாள். அடுத்த ஜூனில் கோயம்புத்தூரில் டீச்சர் டிரெயினிங் சேர்ந்தாள். "தாலியறுத்த பொண்ண ஊரு தாண்டி அனுப்பறதா?" என்று கேட்ட உறவுக்காரர்களைப் படியேற விடாமல் பேசி விரட்டிவிட்டு, டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஹாஸ்டல் வரை கொண்டுபோய் விட்டவள் கமலாத்தாள்தான்.