இசக்கியம்மாளின் புறங்கை

பசுவின் காதடியில் புறங்கையை வைத்து, கண்ணை மூடி, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறாள் இசக்கியம்மா. காது குளிர்ந்திருந்தால் அடுத்த மாட்டுக்கு நகர்வாள். உள்ளங்கையை வைக்கவே மாட்டாள். "உள்ளங்கை பொய் சொல்லும்வே. சாணி அள்ளி அள்ளித் தோலு செத்துப்போச்சுல்லா" என்பாள்.

களக்காட்டுக்கு மேற்கே அப்பாத்துரை ஐயாவின் மாட்டுப் பண்ணையில் இருபத்தாறு உருப்படிகள். ஒவ்வொன்றுக்கும் வலது காதை மட்டும் தொடுவாள். கடைசி மாட்டைத் தொட்டு முடிக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. பத்தமடையிலிருந்து பாய் விற்க யாராவது வந்தால் படலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, "உங்க ஊர்ல மாடெல்லாம் தண்ணி குடிக்குதா?" என்று கேட்பாள். மனிதர்களின் நலம் அப்புறந்தான்.

காரணம் உண்டு. நாலு வருஷத்துக்கு முன் அவள் வீட்டுப் பசு ஒன்றுக்குக் காய்ச்சலில் காது சுட்டது. தணிந்துவிடும் என்று ஒரு நாள் வெளியே சொல்லாமல் இருந்துவிட்டாள். அது வெக்கை என்னும் மாட்டுக் கொள்ளைநோய். அவள் தொழுவத்தையும் அந்தத் தெருவையும் எட்டே நாளில் காலி செய்துவிட்டது.

பண்ணையில் அவளுக்குப் பிடிக்காதது ஒன்றுதான். மலைத் தோட்டத்திலிருந்து ஐயா வாங்கி வந்த நீராவி எஞ்சின். அது உழும், வைக்கோல் வண்டிகளை இழுக்கும். அவள் கிட்டே போகமாட்டாள். "தீனி திங்குது, மூச்சு விடுது, சாணி மட்டும் போடல்லியே" என்பாள்.

கொல்லம் ஆண்டு 1088 ஐப்பசியில் அடைமழை. ஒரு நாள் பொழுது சாய, சக்கரம் சேற்றில் இறங்கியதால் எஞ்சினைக் கொட்டகைக்குக் கொண்டுபோக முடியாமல், தொழுவத்தின் கடைசித் தட்டியோரமாக நிறுத்திவிட்டுப் போனான் அதை ஓட்டுகிற நூகு. அந்தக் கோடியில்தான் நிறைசினையாக இருந்த சாம்பல்நிற மயிலைப் பசு கட்டியிருந்தது.

விடிந்ததும் தொட்டாள். மயிலையின் காது கொதித்தது.

ஆற்றுக்கு அக்கரையில் வெக்கை வந்திருப்பதாக அந்த வாரந்தான் பேச்சு. காது சுட்ட மாட்டை மலையடிப் பட்டிக்குத் தனியே ஓட்டிவிட வேண்டும் என்பது ஐயாவின் கட்டளை. அங்கே ஆள் கிடையாது; புலி உண்டு. மயிலையோ இன்றோ நாளையோ கன்று போடும். வேறு யாரும் பார்க்கவில்லை. ஒரு நாள் பொறுத்தால் என்ன?

நாலு வருஷத்துக்கு முந்தைய அந்த ஒரு நாளை நினைத்ததும் ஓடினாள்.

"ஐயா, மயிலைக்குக் காது கொதிக்குது."

ஐயா இரண்டடி பின்வாங்கினார். "ஓட்டிட்டுப் போ. மத்த மாட்டுப் பக்கம் வந்திராத."

கயிற்றை அவிழ்த்தாள். மயிலையைத் திருப்பும்போது அதன் இடது காது புறங்கையில் பட்டது. சில்லென்றிருந்தது. வலது காதைத் தொட்டாள். சூடு. மறுபடி இடது. ஈரக்குளிர்.

தட்டிக்கு அந்தப் பக்கம் நூகு குளிர்காய்ந்துகொண்டிருந்தான். "அம்மாடி, நேத்துத் தணலு இன்னும் ஆறல்லியே!"

அவள் எட்டிப் பார்த்தாள். தட்டி ஓரிடத்தில் பிய்ந்திருந்தது. அதற்கு நேரே எஞ்சினின் நெருப்புப் பெட்டி. இரும்பில் ஒட்டிக்கொண்டு நாலைந்து மயிலை மயிர். குளிருக்கு இதமாக விடிய விடிய அதில்தான் தலையைச் சாய்த்திருக்கிறது.

விஷயம் தெரிந்ததும் நூகு விழுந்து விழுந்து சிரித்தான். "யக்கா, அப்ப என் எஞ்சினுக்குந்தான் காய்ச்சல்! அதையும் மலையடிக்கு ஓட்டிருவியளோ?"

இசக்கியம்மா சாணியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மயிலை குனிந்து அவள் தலையை நக்கியது.

மூன்றாம் நாள் அது தொழுவத்திலேயே கிடேரிக் கன்று போட்டது. இப்போது அவள் ஒவ்வொரு மாட்டுக்கும் இரண்டு காதையும் தொடுகிறாள். கன்றோடு சேர்த்து இருபத்தேழும் முடிந்தபின் எஞ்சின் கொட்டகைக்குப் போகிறாள். முகத்தை அப்பால் திருப்பி, கண்ணை மூடி, மூச்சை அடக்கிக்கொண்டு, அந்த இரும்பு விலாவில் புறங்கையை வைக்கிறாள்.