காத்தாயியின் கொடிச் சட்டை

குரோஷா பின்னலில் ஒரு சங்கதி உண்டு: எவ்வளவு பெரிய துணியானாலும் முடித்துக் கட்டும்வரை அதன் உயிர் ஒரே ஒரு கண்ணியில்தான் இருக்கிறது, அந்தக் கண்ணியிலிருந்து கொக்கி ஊசியை உருவி நூலை இழுத்தால், ஒரு மாத உழைப்பு மடியில் வெறும் நூலாக விழும்.

ஊசி பிடித்தறியாத கைகளுக்குப் பின்னல் சொல்லிக்கொடுத்து அவதிப்பட்ட சகோதரிகளே, இது உங்களுக்காக. நான் படித்ததெல்லாம் நோட்டீசுகள். அரசியலைச் சங்கத்து நோட்டீசில் படித்தேன். பின்னலை நூல்கண்டோடு வந்த நோட்டீசில் படித்தேன். இரண்டிலும் படத்தில் இருப்பது ஒன்று, கைக்கு வருவது வேறு. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு மேடையேறியதற்காக என் கூடையைப் பிடுங்கிக்கொண்டு, ஆயாக்கொட்டாயில் பிள்ளைகளின் தொட்டிலை ஆட்ட வைத்தார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் என்னைத் ‘தலைவரக்கா’ என்பார்கள். பாதி மரியாதை, பாதி கிண்டல். நான் முழுவதையும் மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன்.

வெயில் இல்லாத ஊருக்குக் கோடைச் சட்டை

எழுபதுகளின் பிற்பகுதி. புதுத் துரையின் மனைவி ஒரு நோட்டீசோடு ஆயாக்கொட்டாய்க்கு வந்தார். ‘ஆரம்பநிலையாளருக்கு எளிய கோடைக்கால மேல்சட்டை’ என்று போட்டிருந்தது. கையில்லாத சட்டை. முன்பக்கம் ஒரு நீள்சதுரம், பின்பக்கம் ஒரு நீள்சதுரம். தோளிலும் விலாவிலும் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. மெர்டேக்கா என்கிற சுதந்திர தினத்தன்று காலைப் பெரட்டில், அதாவது தினமும் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்தில், பெண்கள் எல்லாரும் தேசியக் கொடியின் நிறத்தில் இதைப் போட்டு நிற்க வேண்டுமாம். அடியிலிருந்து சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக ஏறி, மார்புக்கு மேல் நீலம், அதில் மஞ்சள் பிறையும் நட்சத்திரமும்.

எங்கள் மலையில் மதியம் மூன்று மணிக்கே பனி இறங்கி, கையை நீட்டினால் விரல் தெரியாது. அதில் கோடைச் சட்டை! கூலியில் ஒரு வெள்ளி ஏற்றச் சொன்னால் வராத அக்கறை, கொடி போர்த்தி நிறுத்துவதற்கு வந்ததே என்று எனக்குள் எரிந்தது. இருந்தாலும் ஒத்துக்கொண்டேன். இத்தனை பெண்களை ஓரிடத்தில் உட்கார வைத்துப் பேசும் வாய்ப்பை எந்தச் சங்கமும் எனக்குத் தந்ததில்லை. நோட்டீசைப் பார்த்துவிட்டு, மேட்டு லயத்துப் பொன்னி சொன்னாள்: “இதப் போட்டுக்கிட்டு நின்னா சுதந்திரம் வருமோ என்னமோ, சளிக்காய்ச்சல் கண்டிப்பா வரும் லா, தலைவரக்கா.”

கொழுந்து கிள்ளும் விரல்

கொழுந்து பறிக்கிறவர்களுக்குப் பின்னல் சொல்லித்தந்தால் ஒரு தொல்லை வரும், வேறெந்த ஊரிலும் வராது. அவர்கள் கையைப் பார்ப்பதில்லை. கண் மலைச்சரிவிலும் வாய் ஊர்க்கதையிலும் இருக்க, விரல் தன்பாட்டில் ஓடும். பட்டை மாறும்போது நூலைக் கத்தரிக்க வேண்டும், விரல் நீளமாவது வால் விட வேண்டும் என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன். ஒருத்தியும் கத்தரியைத் தொடவில்லை. தேயிலைப் பால் ஏறிக் கறுத்த கட்டைவிரல் நகத்தால், இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கிள்ளுகிற மாதிரி, முடிச்சை ஒட்டியே கிள்ளிவிட்டார்கள். துரையம்மா பார்வையிட வந்த அன்று பொன்னி சட்டையைப் போட்டுக் கையைத் தூக்கினாள். அக்குளில் ஆரம்பித்து ஒவ்வொரு பட்டையாக வாயைத் திறந்தது.

காத்தாயியின் முடிச்சு மட்டும் அவிழவில்லை. அவளும் கிள்ளுகிறவள்தான். ஆனால் இரட்டை முடிச்சு போட்டு, நூலைப் பல்லில் கடித்து இறுக்கிவிட்டு, அப்புறம் கிள்ளுவாள். முடிச்சு எச்சிலில் ஈரமாக இருக்கும். அவள் இந்தத் தோட்டத்து லயத்திலேயே பிறந்தவள். பிறப்புப் பத்திரம் இல்லாததால் கையில் சிவப்பு அட்டை, குடியுரிமை இல்லை. மகள் செல்விக்குக் குடியுரிமை உண்டு, நீல அட்டை. சிவப்பு அட்டைக்காரர்களைக் கப்பலேற்றி, அவர்கள் கண்ணால் பார்த்திராத இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பேச்சு அப்போது அடங்கவில்லை. மகளை விட்டுப் பிரிய வேண்டிவருமோ என்பதே அவளுடைய ஒரே பயம். நீல அட்டைக்கு எழுதிப் போட்டுவிட்டு, அதிகாரி முன்னால் இந்தக் கொடிச் சட்டையோடுதான் நிற்பேன் என்று பின்னினாள். பின்னும்போதே மலாய் பழகுவாள். பேர் கூப்பிட்டால் “அடா, துவான்!” என்று சொல்ல வேண்டும், ‘இருக்கேன் ஐயா’ என்று அர்த்தம். வரிசைக்கு ஒரு தரம் சொல்லிக்கொள்வாள்.

“சட்டையைப் பார்த்து எவனும் குடியுரிமை தரமாட்டான், காத்தாயி” என்றேன். அவள் ஊசியை நிறுத்தாமல் கேட்டாள்: “ஒங்க நோட்டீசப் பாத்துக் குடுத்தானாக்கா?”

பனிக்குள் போனவள்

அவள் சட்டையின் பின்பக்கம் முடிந்துவிட்டது. முன்பக்கம் பாதி ஏறியிருந்தது. அட்டைக்குப் படம் எடுக்க வேண்டும் என்று காத்தாயி ஒரு மதியம் வகுப்பிலிருந்து எழுந்தாள். படக்கடை இருந்த தானா ராத்தா டவுனுக்கு லோரி இல்லை. தேயிலைக்கு நடுவே குறுக்கு வழியில் நடந்தாள். பின்னலில் ஊசியை அப்படியே விட்டு என்னிடம் கொடுத்து, “கண்ணி நழுவாமப் பாத்துக்கங்கக்கா” என்றாள். நான் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். வாசலைத் தாண்டி இரண்டு வரிசைச் செடி போனாள், பனி மூடிக்கொண்டது. நாங்கள் பார்த்தது அவ்வளவுதான்.

படக்கடைக்கு அவள் போய்ச் சேரவில்லை. தோட்டமே இறங்கித் தேடியது. காட்டை உள்ளங்கைபோல் அறிந்த ஓராங் அஸ்லி பழங்குடிக்காரர் ஒருவரையும் அழைத்து வந்தார்கள். ஈர மண்ணில் அவள் கால்தடம் இரண்டு செடி வரிசைக்கு நடுவே நேராகப் போனது. திரும்பவில்லை, விலகவில்லை, சறுக்கவில்லை. ஓரிடத்தில் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் கொழுந்து நனைந்து நின்றது, அவ்வளவுதான். அவர் வெகுநேரம் குந்தியிருந்து பார்த்தார். கால்தடம் இருக்கிறது, ஆள் இல்லை என்பதை மலாயில் சொல்லிவிட்டு, கூலி வாங்காமலே போனார்: “தாப்பாக் காக்கி அடா. ஓராங் தா அடா.”

பெரட்டில் ஒரு பதில்

பெரட்டுப் பட்டியலில் பேர் இருந்தால்தான் லயத்தில் வீடு. இது துரைமார் சட்டம். காத்தாயி பேரை அடித்துவிட்டால் செல்வி தெருவில்தான் நிற்க வேண்டும். அவள் பேரைப் பதிய வயது இன்னும் சில மாதம் குறைந்தது. நான் துரையிடம் போய், எனக்குத் தெரிந்த சட்டமெல்லாம் பேசினேன். காது கொடுத்தாரே ஒழிய மனசு கொடுக்கவில்லை. பெரட்டில் பேர் கூப்பிடுகிற மண்டோர் சின்னையா, எந்தக் காலத்திலும் எனக்கு ஆகாத மனுஷன், அவர்தான் குறுக்கே வந்தார். “அரைகுறையா வேலைய விட்டுட்டுப் போனவ திரும்பி வருவா தொரை. அந்தக் கொடிச் சட்ட முடியட்டும், நான் பேர அடிக்கிறேன்” என்றார். துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, மெர்டேக்காவரைக்கும் பார்ப்போம்” என்றார்.

பெரட்டுக் களம் ஆயாக்கொட்டாய்க்கு எதிரே. விடிந்தும் விடியாத பனியில் ஆள் தெரியாது, குரல்தான் வரும். நான் தொட்டில்களுக்கு நடுவே நின்று கேட்பேன். மறுவாரமே “காத்தாயி!” என்று மண்டோர் கூப்பிட்டதும், பின் வரிசையிலிருந்து “வந்தாச்சு!” என்று பதில் வந்தது. தொண்டை கட்டின மாதிரி ஒரு குரல். எனக்கு மேல் சிலிர்த்தது. அடுத்த கணம் புரிந்துகொண்டு நெஞ்சு நிமிர்ந்தது: நம்ம பெண்கள் முறைவைத்துப் பதில் சொல்கிறார்கள்! மேடை மேடையாக நான் கத்திய ஒற்றுமை, கடைசியில் காதில் ஏறியிருக்கிறது! தினமும் வந்தது அந்தப் பதில். யார் குரல் என்று ஒருநாள் மண்டோரிடம் சாடையாகக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “பேரு கூப்பிட்டேன், பதிலு வந்துச்சு. பனிக்குள்ள மூஞ்சியத் தேடுறது என் வேல இல்ல தாயி.”

வளர்ந்த பின்னல்

புதன்கிழமை வகுப்பு. அலமாரியைத் திறந்தேன். காத்தாயியின் முன்பக்கம் ஒரு பட்டை ஏறியிருந்தது. அடுத்த புதன், இன்னொரு பட்டை. பூட்டுச் சாவி என் கழுத்தில். ஆனால் அலமாரியின் பின்பலகை ஒன்று ஆடும், கை நுழைக்கலாம். இதுவும் பெண்கள் வேலை என்று எனக்குக் கோபம் வந்தது. முட்டாள்களே, சட்டை முடிந்தால் பேர் போய்விடுமே! வெளியே சொல்லவும் முடியாது. பெரட்டில் நடப்பது போல இதுவும் யாரும் வாய்விடாத காரியம். நான் ஒரு வேலை செய்தேன். நீல நூலை யாருக்கும் கொடுக்காமல் என் வீட்டுக்கு எடுத்துப் போய், அரிசி டின்னுக்குள் வைத்தேன்.

மூன்றாவது புதன் மார்புக்கு மேல் நீலம் ஏறியிருந்தது. வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன், என் நீலம் டின்னில் அப்படியே இருந்தது. பிரிஞ்சாங் டவுன் கடையில் யாராவது வாங்கியிருக்கலாம் என்று எனக்கு நானே நோட்டீஸ் போட்டுக்கொண்டேன். மற்றவர்கள் பிறை பின்னி அது வாழைப்பழம் மாதிரி வந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். காத்தாயியின் பின்னல் இருந்த அலமாரிப் பக்கம் மட்டும் ஒருத்தியும் உட்காரவில்லை. செல்வியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அழவில்லை. புதுப் பட்டையின் ஓரத்தைத் தடவி, முடிச்சை விரலால் நெருடிப் பார்த்தாள். இரட்டை முடிச்சு. வால் விடாமல், ஒட்டக் கிள்ளியிருந்தது, ஈரமாகவும் இருந்தது. பனியில் எல்லாம்தான் ஈரமாகிறது என்று நான் சொல்ல வாயெடுக்கும் முன் அவள் சொன்னாள்: “அம்மா கடிச்சுட்டுத்தான் கிள்ளுவாங்க பெரியம்மா.”

மெர்டேக்கா காலை

அன்று பனி சோறு வடித்த கஞ்சிபோல் கெட்டியாக இருந்தது. பெண்கள் கம்பளிச் சட்டைக்கு மேல் கோடைச் சட்டையை மாட்டி, கொடிகள் வரிசை கட்டிய மாதிரி நின்றார்கள். என்னையும் முன்னால் நிற்கச் சொன்னார்கள், பின்னல் ஆசிரியை ஆயிற்றே. அதனால் முதல்முறையாகப் பெரட்டை நான் முகத்துக்கு முகம் பார்த்தேன். கையில் காத்தாயியின் சட்டை. முன்பக்கம் தோள்வரை வந்து, பின்பக்கத்தோடும் சேர்ந்துவிட்டது. நூலை அறுத்துக் கடைசிக் கண்ணிக்குள் இழுத்து இறுக்குவது மட்டும் பாக்கி. ஊசி அந்தக் கண்ணியில் தொங்கியது.

துரை பார்த்தார். “முடிந்துவிட்டதே” என்றார்.

“முடியல, துரை. கட்டினாத்தான் முடிஞ்சது” என்றேன். என் வாழ்க்கையில் எந்த முதலாளியிடமும் அவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை. செல்வி என் முந்தானையைப் பிடித்திருந்தாள். அவளுக்குப் போவதற்கு வேறு வாசல் கிடையாது.

துரைக்கு அன்று விழா உற்சாகம். மண்டோரை ஒதுக்கிவிட்டுத் தானே பேர் கூப்பிட்டார். காத்தாயி பேர் வந்தது. சொல்லப்போகிறவள் யார் என்று நான் வரிசையைக் கூர்ந்து பார்த்தேன். எல்லார் வாயும் மூடியிருந்தது. பின் வரிசைக்கும் பின்னால், தேயிலைப் பக்கமிருந்து வந்தது: “அடா, துவான்!”

துரை தலையை நிமிர்த்திப் பனிக்குள் பார்த்தார். மண்டோரைப் பார்த்தார். என் கையிலிருந்த சட்டையைப் பார்த்தார். பிறகு அடுத்த பேருக்குப் போனார். என் கையில் ஊசி லேசாக ஆடியது, காற்று இல்லை. காத்தாயி பேரை அடிக்க அதற்குப் பிறகு அவர் சொல்லவே இல்லை. வயது நிறைந்ததும் செல்வி பேர் ஏறியது, வீடு நின்றது. அன்று கூட்டம் கலைந்ததும் நான் பொன்னியின் தோளைத் தட்டி, “இத்தனை நாளும் நல்லாச் சமாளிச்சீங்கடி. சட்டைய மட்டும் பின்னியிருக்க வேணாம்” என்றேன். பொன்னி இரண்டடி பின்னால் போனாள். “என்னக்கா சொல்றீங்க? ஆயாக்கொட்டாய்லேர்ந்து நீங்கதான் கொரல மாத்திக் கத்துறீங்க, சட்டையும் நீங்கதான் பின்றீங்கன்னுல்ல நாங்க இருந்தோம்?”

அதற்கப்புறம்

செல்வி பேர் ஏறிய மறுநாள் காலை மண்டோர் பழக்கத்தில் காத்தாயியைக் கூப்பிட்டார். பதில் வரவில்லை. பின்னலும் மெர்டேக்கா அன்று இருந்தபடியே நின்றுவிட்டது. நீல அட்டை விஷயமாக அதிகாரி காத்தாயி பேரைக் கூப்பிட்டபோது செல்வி போய் வாசலில் நின்றாள். அங்கும் மூன்று தரம் கூப்பிட்டுப் பார்த்து, அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்களாம். எண்பதுகளில் ஆயாக்கொட்டாயை இடித்தார்கள். சட்டை இப்போது செல்வியிடம் இருக்கிறது, ஊசி அதே கண்ணியில். கட்டிவிடட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். அவள் சொன்னாள்: “இருக்கட்டும் பெரியம்மா. தேவப்பட்டா வருவாங்க.”

என் இயக்க வாழ்க்கை முழுவதிலும் கூப்பிட்ட குரலுக்குத் தவறாமல் வந்து நின்ற ஒரே ஆள், காணாமல் போனவள்தான்.