மூடிய வால்வும் முந்திக்கொண்ட காற்றும்

எஞ்சினுக்குள் போகும் காற்றை அளப்பவர்களுக்கு ஒரு சாபம் உண்டு: அளந்ததை எவர் கையிலும் எடுத்துக் கொடுக்க முடியாது. பொறியியல் இறுதி வருட ஆய்வில் மாட்டிக்கொண்ட என் இனத்தாருக்கு இது விளங்கும்.

தலை மட்டும் போதும்

ஆய்வுக்கு மோட்டார் சைக்கிளின் சிலிண்டர் ஹெட் ஒன்று தேவைப்பட்டது. திகனயில் பழைய பாகங்கள் விற்கும் முஸ்லிம் கடைக்கார நானாவிடம் போனேன். எந்த பைக்குக்கு என்றார். பைக்கே இல்லை, வால்வு வழியாக எவ்வளவு காற்று போகிறது என்று பார்க்கத்தான் என்று கடை வாசலிலேயே ஒரு விரிவுரை நடத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் சரி மகள், பைக் வச்சிருக்கிற ஆம்பிளப் புள்ளய வரச் சொல்லுங்களேன்."

நல்ல ரிசல்ட்

ஹெட்டை மேசையில் பொருத்தி, கீழே மோட்டார் வைத்துக் காற்றை உறிஞ்சி அளந்தோம். பிறகு காற்று நுழையும் வழியை அரைத்து அகலமாக்கி மறுபடி அளந்தோம். அளவு எகிறியது. ஆய்வுக்குப் பொறுப்பான சேருக்குச் சந்தோஷம், எனக்குப் பயம். மெதுவாக உறிஞ்சினால் பழைய அளவேதான். வேகமாக உறிஞ்சினால் மட்டும் ஏன் இந்தத் துள்ளல்? மறுநாள் பரீட்சகர்கள் இதைக் கேட்டால் நான் தொலைந்தேன். என்னோடு ஆய்வு செய்யும் யாழ்ப்பாணத்துச் சுகந்தனிடம் வாதாடிப் பார்த்தேன். அவன் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பிழைச்சாலும் சண்டை பிடிக்கிறீர், சரிவந்தாலும் சண்டை பிடிக்கிறீர். காத்து பாவம்."

மூடிய வழி

மறுநாள் நாவலப்பிட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, காற்றை உள்ளே விடும் வால்வை முழுதாக மூடிவிட்டு மோட்டாரைப் போட்டேன். ஒன்றும் போகக் கூடாது. வேகத்தைக் கூட்டக் கூட்ட, மானி ஏறியது. குனிந்து பார்த்தேன். பக்கத்திலிருந்த, புகையை வெளியேற்றும் வால்வு உறிஞ்சும் வேகத்தில் தானாகத் திறந்து காற்றை விட்டுக்கொண்டிருந்தது. அரைத்த பிறகு பூட்டும்போது, கையால் அமுக்கச் சுலபம் என்று இரண்டு வால்வுக்கும் மெல்லிய ஸ்பிரிங் போட்டிருந்தோம்.

பழைய ஸ்பிரிங்கைப் போட்டு அளந்தால், அரைத்ததால் ஒரு லாபமும் இல்லை. பரீட்சையை ஒத்திவைக்கச் சொல்லி சேரிடம் சண்டை பிடித்தேன், முடியாது என்றார். நடந்ததை நடந்தபடியே பரீட்சகர்கள் முன் சொன்னோம். அதுவரை ஆங்கிலத்தில் குடைந்துகொண்டிருந்த பரீட்சகர் மிஸ், கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தமிழுக்கு மாறினார். "இத நீங்களாச் சொல்லாட்டி எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது, தெரியுமா?"

அது பாராட்டா பரிதாபமா என்று மார்க் வரும்வரை தெரியாது. ரிசல்ட் பிழைத்தால் ஒரு நாள் தூக்கமும், நன்றாக வந்துவிட்டால் மொத்தத் தூக்கமும் போகும் தொழில் இது.